வியாபாரத்துக்கு ஏஐ: எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

#1 – பம்பு_ஸ்பேர்ஸ்_கோவை

வணக்கம். கோவையில் பம்பு, மோட்டார் உதிரி பாகங்கள் விற்கும் கடை நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்தது. மெக்கானிக்கல் சீல், இம்பெல்லர், பேரிங், கெபாசிட்டர், ஸ்டார்ட்டர் காயில், ரீவைண்டிங் கம்பி என்று நாலாயிரத்துக்கு மேல் ஐட்டங்கள் ஸ்டோரில் இருக்கின்றன. மாசி, பங்குனியில் தண்ணீர் கீழே இறங்கியதும் மோட்டார்கள் கூடுதல் நேரம் ஓடும். சீலும் பேரிங்கும் வரிசையாகப் போகும். அந்த நேரத்தில் கேட்ட சாமான் இல்லையென்றால் விவசாயி காத்திருக்க மாட்டார். பயிர் காய்கிறதே, அடுத்த கடைக்குத்தான் போவார். மற்ற மாதங்களில் நகராத சரக்கில் பணம் முடங்கிக் கிடக்கும்.

போன வாரம் ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்தார்கள். காக்னிட்டிவ் கம்ப்யூட்டிங், ஏஐ என்று ஒரு பேக்கேஜ். மூன்று வேலை செய்யுமாம். எந்தச் சாமானை எவ்வளவு வாங்கி வைக்க வேண்டும் என்று சொல்லும். வாட்ஸப்பில் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதும். யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று முடிவு செய்யும். வருடச் சந்தா எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. இந்த மூன்றில் எது உண்மையிலேயே வேலைக்கு ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 – வங்கி_ஓய்வு

தம்பி, இது நேற்று வந்த சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். வங்கித் துறையில் இந்த வகை இயந்திரங்கள் முப்பது வருடமாக ஓடுகின்றன. அமெரிக்காவில் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் யான் லெக்குன் குழு உருவாக்கிய நியூரல் நெட்வொர்க் (உதாரணங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கணினி முறை), 1990களின் பிற்பகுதியிலேயே தினமும் பல பத்து லட்சம் காசோலைகளைப் படித்துக்கொண்டிருந்தது. கிரெடிட் கார்டு மோசடியைக் கண்டுபிடிக்க எச்என்சி என்ற நிறுவனம் ஃபால்கன் என்ற அமைப்பை 1992இல் கொண்டு வந்தது. ஒருவர் கார்டை எங்கே, எவ்வளவுக்கு, எந்த நேரத்தில் பயன்படுத்துகிறார் என்ற வழக்கத்தைக் கற்றுக்கொண்டு, அதிலிருந்து விலகினால் எச்சரிக்கும். இப்போது நம் ரிசர்வ் வங்கியின் இன்னொவேஷன் ஹப்கூட, திருட்டுப் பணம் கைமாறுவதற்கு வாடகைக்கு விடப்படும் கணக்குகளை அடையாளம் காண மியூல்ஹன்டர் என்று ஒன்றை உருவாக்கியிருக்கிறது.

அங்கெல்லாம் ஏன் பலித்தது என்று யோசித்துப் பாருங்கள். கோடிக்கணக்கான பரிவர்த்தனை. ஒவ்வொன்றுக்கும் சில வாரத்தில் விடை தெரிந்துவிடும்: ஸ்டேட்மென்ட்டைப் பார்த்த வாடிக்கையாளர் "இது நான் வாங்கியதில்லை" என்று போன் செய்வார். இயந்திரம் சொன்னது சரியா தப்பா என்று அதற்கே திருப்பிச் சொல்லிக்கொடுக்க முடிகிறது.

உங்கள் கடன் விஷயத்தை இதோடு வைத்துப் பாருங்கள். வருடத்துக்கு எத்தனை பேர் பணம் கொடுக்காமல் போகிறார்கள்? விரல் விட்டு எண்ணலாம் என்றால், அந்த நாலைந்து பேரிலிருந்து இயந்திரம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஊர், மழை, அவர் வாங்கிய தேதி, பழைய பாக்கி இவற்றை உங்கள் கணக்குப் புத்தகமே சொல்லும். மூன்றாவது வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

#3 – எண்ணும்_எழுத்தும்

நான் சென்னையில் இந்தத் துறையில்தான் வேலை செய்கிறேன். காக்னிட்டிவ் கம்ப்யூட்டிங், அதாவது மனிதரைப் போல் யோசிக்கும் கணினி, என்ற பெயரைச் சந்தையில் பரப்பியது ஐபிஎம். அவர்களுடைய வாட்சன் என்ற கணினி 2011 பிப்ரவரியில் ஜெப்பர்டி என்ற அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சியில் கென் ஜென்னிங்ஸ், பிராட் ரட்டர் என்ற இரண்டு சாம்பியன்களையும் தோற்கடித்தது. அது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. பிறகு அதையே மருத்துவத்துக்குக் கொண்டு போனார்கள். டெக்சாஸில் உள்ள எம்டி ஆண்டர்சன் புற்றுநோய் மையம் சுமார் 6.2 கோடி டாலர் செலவழித்தது. நோயாளிகளின் சிகிச்சைக்கு அது பயன்படாமலேயே திட்டம் நின்றுபோனது. இடையில் மருத்துவமனை தன் மின்னணு நோயாளர் பதிவு முறையை மாற்றிவிட்டது. வாட்சன் திட்டம் அந்தப் புது முறையோடு இணைக்கப்படவில்லை. 2022இல் வாட்சன் ஹெல்த்தின் தரவுப் பிரிவுகளை ஐபிஎம் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களிடம் டெமோ காட்டுகிறவர்கள் மேடையில் ஜெயித்ததைத்தான் காட்டுவார்கள். உங்கள் பில்லிங் மென்பொருளோடு அது எப்படிப் பேசும், அதில் இருக்கும் அலங்கோலமான ஐட்டம் பெயர்களை எப்படிப் புரிந்துகொள்ளும் என்பதில்தான் திட்டம் பிழைப்பதும் சாவதும்.

சரக்கு முன்கணிப்புக்கு வருகிறேன், அதுதான் உங்களுக்கு உண்மையான லாபம் தரக்கூடிய இடம். 2020இல் ஸ்பைரோஸ் மக்ரிடாகிஸ் என்ற பேராசிரியர் எம்5 என்ற போட்டியை நடத்தினார். வால்மார்ட் கடைகளின் விற்பனைத் தரவு, 42,840 தொடர்கள் (ஒவ்வொன்றும் ஒரு பொருள் அல்லது பொருள் தொகுப்பின் நாள்வாரி விற்பனை). 5,500க்கு மேற்பட்ட அணிகள் கலந்துகொண்டன. ஜெயித்த அணி, மெஷின் லேர்னிங்கை (பழைய தரவிலிருந்து கணினி தானே கற்கும் முறை) வைத்து, எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங் என்ற, சமீபத்திய விற்பனைக்கு அதிக மதிப்புக் கொடுத்துச் சராசரி எடுக்கும் பழைய எளிய முறையைவிட 20 சதவீதத்துக்கும் அதிகமாகத் துல்லியம் காட்டியது. ஆகவே மெஷின் லேர்னிங் உதவும், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பழைய முறையைத் தாண்டிய அணிகள் நூற்றுக்கு எட்டுகூட இல்லை! உங்களிடம் விற்க வருகிறவர் அந்த எட்டில் ஒருவரா, மீதி தொண்ணூற்றிரண்டில் ஒருவரா என்பதை அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. உங்கள் பழைய பில்களில் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. உதிரி பாக விற்பனை அரிசி, பருப்பு போல் தினமும் நடப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட இம்பெல்லர் மூன்று மாதம் விற்காமல் இருந்து ஒரே நாளில் ஆறு போகும். இதற்கென்றே க்ராஸ்டன் என்பவர் 1972இல் ஒரு முறை கொடுத்திருக்கிறார். கேட்பு வரும்போது எத்தனை கேட்கிறார்கள் என்பதையும், இரண்டு கேட்புக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதையும் தனித்தனியாகக் கணிக்கும். எக்ஸெல்லிலேயே போடலாம். விற்க வருகிறவர் க்ராஸ்டனை முந்திக் காட்டட்டும், அப்புறம் சந்தா பேசலாம்.

#4 – பின்னலாடை_க்யூசி

திருப்பூர். துணி ஆய்வில் இருக்கிறேன். எங்கள் பக்கம் கேமரா வைத்த ஏஐ வந்ததில் எனக்கு மனநிறைவு உண்டு, அதனால் எழுதுகிறேன்.

வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஒரு ஊசியின் கொக்கி உடைந்தால், துணியின் நீளத்துக்கும் ஒரு கோடு விழும். ஊசிக்கோடு என்போம். இயந்திரத்தை நிறுத்தும் வரை அது விழுந்துகொண்டே இருக்கும். கிரேயில் (சாயம் ஏற்றாத துணியில்) லேசாகத் தெரிவது, சாயம் ஏறியதும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். அதற்குள் நூல், சாயம், தண்ணீர், வேலை எல்லாம் அந்த ரோலில் போய்விடும். இரவு ஷிஃப்டில் ஒரு ஆள் பல இயந்திரங்களைப் பார்க்கும்போது, எந்தக் கண்ணும் விடியற்காலை மூன்று மணிக்கு அந்தக் கோட்டைத் தவறாமல் பிடிக்காது. இயந்திரத்தின் உள்ளேயே பொருத்திய கேமரா சில சுற்றுகளுக்குள் பிடித்து நிறுத்திவிடுகிறது.

ஆனால் பல நிற இழை கலந்த மெலாஞ்ச் துணி போட்டால் நூலின் இயல்பான புள்ளிகளையே கறை என்று சொல்லி நிறுத்தும். அடிக்கடி பொய் அலாரம் வந்தால் ஆபரேட்டர் அதை அணைத்து வைத்துவிடுவார். அப்புறம் கேமரா இருந்தும் இல்லாத மாதிரிதான். எந்தக் குறை வாங்குபவருக்கு முக்கியம், எது பரவாயில்லை என்பதைப் பழைய ஆய்வாளர்கள் உட்கார்ந்து படம் படமாகப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அலாரம் குறையும். குறையின் நீளத்துக்கு ஏற்பப் புள்ளி போடும் நான்கு புள்ளி முறையில் 3 அங்குலம் வரை ஒரு புள்ளி, 9 அங்குலத்துக்கு மேல் நான்கு புள்ளி என்று விதி எழுதி வைத்திருக்கிறது. எந்த இடத்தில் வெட்டினால் அந்தக் குறை உடுப்பில் வராது என்பது விதியில் இல்லை, அது கட்டிங் மாஸ்டர் தலையில் இருக்கிறது.

#5 – பம்பு_ஸ்பேர்ஸ்_கோவை

எல்லாருக்கும் நன்றிங்க. எண்ணும்_எழுத்தும் சார், நீங்கள் சொன்ன அலங்கோலம் எங்களிடம் நிறையவே உண்டு. 6203 பேரிங் என்று ஒரு பில், பேரிங் 6203 இசட் இசட் என்று ஒரு பில், சின்ன பேரிங் என்று இன்னொரு பில். மூன்றும் ஒரே சாமான். மூன்று வருட பில் இருக்கிறது. இதை வைத்து ஓட்ட முடியுமா?

#6 – எண்ணும்_எழுத்தும்

முடியும், பெயர்களை ஒன்றாக்கிய பிறகு. இந்த வேலைக்கு இப்போதைய மொழி மாதிரிகள் (சாட்ஜிபிடி போன்றவை) நல்ல உதவி. நாலாயிரம் பெயர்களைக் கொடுத்து "எவையெல்லாம் ஒரே சாமானாக இருக்கலாம்" என்று கேட்டால் பட்டியல் போட்டுத் தரும். உங்கள் ஸ்டோர் ஆள் அதைச் சரிபார்க்க வேண்டும். 6203ஐயும் 6303ஐயும் அது சேர்த்துவிட்டால் அவர்தான் கண்டுபிடிப்பார். இரண்டுக்கும் உள்துளை ஒன்றுதான், வெளி விட்டம் வேறு. நான் ஏஐக்குப் பணம் செலவழிக்கச் சொன்னால் முதலில் இங்கேதான் சொல்வேன்.

அதைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் பில்லில் விற்றது மட்டும்தான் இருக்கிறது. கேட்டு இல்லாமல் திரும்பிப் போனது இல்லை. ஏப்ரலில் ஒரு சீல் பத்து விற்றுத் தீர்ந்துபோய், அதற்குப் பிறகு முப்பது பேர் கேட்டுப் போயிருந்தால், இயந்திரத்தின் கண்ணில் ஏப்ரல் கேட்பு பத்து. அடுத்த வருடமும் பத்துதான் வாங்கச் சொல்லும். எவ்வளவு பெரிய ஏஐ மாதிரியாக இருந்தாலும் இல்லாத தகவலை அது எங்கிருந்து எடுக்கும்? கவுன்டரில் ஒரு நோட்டு போடுங்கள். "இல்லை" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் சாமான் பெயர், தேதி, எத்தனை. இந்தக் கோடைக்காலம் முழுக்க எழுதினால் அந்த நோட்டின் மதிப்பு அந்தச் சந்தாவைவிட அதிகம்.

#7 – கஸ்டமர்கேர்_லீட்

வாட்ஸப் பதில் பற்றி. ஏர் கனடா வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டி இறந்ததற்காகப் பயணம் செய்த ஒருவருக்கு, துக்கக்காலச் சலுகைக் கட்டணத்தைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டு வாங்கலாம் என்று அந்த நிறுவனத்தின் சாட்பாட் சொல்லிவிட்டது. விதி அப்படி இல்லை. தீர்ப்பாயத்தில் நிறுவனம் வைத்த வாதம், சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்பது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, சுமார் 812 கனேடிய டாலர் கொடுக்க வைத்தது. தொகை சின்னதுதான். ஆனால் உங்கள் பாட் தப்பான சீல் அளவைச் சொல்லி, ஒரு விவசாயி அதைப் போட்டு மோட்டாருக்குள் தண்ணீர் போனால் யார் பதில் சொல்வது? நீங்கள்தான்.

கிளார்னா என்ற ஸ்வீடன் நிறுவனம் 2024இல் தன் ஏஐ உதவியாளர் முதல் மாதத்திலேயே 23 லட்சம் உரையாடல்களைப் பார்த்துக்கொண்டது, 700 பேரின் வேலைக்குச் சமம் என்று அறிவித்தது. அடுத்த வருடமே தரம் குறைந்தது என்று அதன் தலைவர் ஒத்துக்கொண்டு, மனிதர்களை மறுபடி எடுக்க ஆரம்பித்தார்.

அதற்காக வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லீ, லிண்ட்சி ரேமண்ட் மூவரும் 5,000க்கு மேற்பட்ட கஸ்டமர் கேர் ஊழியர்களை வைத்து ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள். அங்கே ஏஐ வாடிக்கையாளரிடம் நேரே பேசவில்லை. ஊழியர் திரையில் பதிலைப் பரிந்துரைத்தது, அனுப்புவதா வேண்டாமா என்பது ஊழியர் கையில். மணிக்குத் தீர்க்கும் புகார்கள் சராசரியாகச் சுமார் 14 சதவீதம் கூடின. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் 34 சதவீதம். நீங்கள் செய்வதானால் இப்படிச் செய்யுங்கள். கடைப் பையனுக்குப் பதிலை எழுதிக் கொடுக்கட்டும், அவன் பார்த்து அனுப்பட்டும்.

#8 – உழைப்பவர்_பக்கம்

அந்த ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அனுபவசாலிகளுக்கு அதில் பெரிய பலன் எதுவும் வரவில்லை. ஏன்? அந்த ஏஐ கற்றுக்கொண்டதே நன்றாகப் பேசத் தெரிந்த ஊழியர்களின் உரையாடல்களிலிருந்துதான். அவர்களுடைய திறமையை எடுத்துப் புதியவர்களுக்குக் கொடுத்தது. நிறுவனத்துக்கு லாபம், புதியவருக்கு லாபம். கற்றுக்கொடுத்தவருக்கு? அதற்கென்று தனியாக ஒரு ரூபாய் கிடைக்குமா?

கோவை நண்பரே, உங்கள் ஸ்டோரில் சத்தத்தை விவரித்தாலே எந்தப் பேரிங் என்று சொல்லும் ஒரு ஆள் இருப்பார், எல்லாக் கடையிலும் உண்டு. அவர் சொல்வதையெல்லாம் பதிவு செய்து மெஷினுக்குக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து "நீங்கள் வேண்டாம்" என்று சொன்னால் அது அநியாயம். முதலிலேயே அவரிடம் பேசுங்கள், சம்பளத்தில் அதைக் காட்டுங்கள். பின்னலாடை நண்பர் சொன்ன பழைய ஆய்வாளர்களுக்கும் இதே கேள்விதான்.

#9 – பின்னலாடை_க்யூசி

நியாயமான கேள்வி. எங்களிடம் அப்படி உட்கார்ந்தவர்களுக்கு ஓவர்டைம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அது போதாது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

#10 – ஆஸ்பத்திரி_ஐடி

மதுரையிலிருந்து. எங்கள் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவை கூகுளோடு சேர்ந்து, சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்திலிருந்தே கண்டுபிடிக்கும் ஏஐயில் பங்கெடுத்தன. 2016இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. 1,28,000 படங்கள், 54 கண் மருத்துவர்கள் தரம் பிரித்துக் கொடுத்தது. நிபுணர் அளவுக்குத் துல்லியம். பார்வை போவதற்கு முன்பே நோயாளியைக் கண்டுபிடிக்க முடியும் என்பதால் எனக்கு இதன் மேல் பெரிய மதிப்பு.

அதே கூகுள் குழு தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் அதை வைத்தபோது, எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தரம் போதாது என்று இயந்திரம் திருப்பிவிட்டது. படம் எடுக்கும் அறையில் இருட்டு போதவில்லை. இணையம் மெதுவாக இருந்ததால் படம் ஏறுவதற்குள் வரிசை நீண்டது. இதையெல்லாம் அந்தக் குழுவே 2020இல் மறைக்காமல் எழுதியது, அதற்காகவே அவர்களைப் பாராட்டலாம். உங்கள் கடையில் யார், எந்த நேரத்தில், எந்தக் கம்ப்யூட்டரில் அந்தப் பரிந்துரையைப் பார்ப்பார்கள்? கூட்டம் அலைமோதும் ஏப்ரல் காலையில் பார்ப்பார்களா? இதை விற்பவரிடம் கேளுங்கள்.

#11 – லாரி_ஷெட்_நாமக்கல்

பெரிய கம்பெனிக்குத்தான் இதெல்லாம் என்று எனக்குத் தோன்றுகிறது. யுபிஎஸ் கூரியர் நிறுவனம் ஓரியன் என்று ஒன்றை வைத்து ஓட்டுநர்களின் வழியைக் கணக்கிடுகிறது. 2016க்குள் அமெரிக்காவில் 55,000 ஓட்டுநர்களுக்கு. வருடத்துக்கு 10 கோடி மைல் குறைந்தது, 1 கோடி கேலன் எரிபொருள் மிச்சம் என்கிறார்கள். ஒரு ஓட்டுநருக்கு ஒரு நாளில் சில மைல்தான் குறையும்; 55,000 பேரால் பெருக்கும்போதுதான் அது மலையாகிறது. அதற்கும் பத்து வருடத்துக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். நமக்கு நாலு வண்டி. டிரைவருக்கே வழி தெரியும்.

#12 – எண்ணும்_எழுத்தும்

வழித்தட விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். சொந்தமாக உருவாக்கினால் நாலு வண்டிக்குக் கட்டாது. ஆனால் கோவை நண்பருக்கு நாலாயிரம் ஐட்டம், ஒவ்வொன்றுக்கும் மாதா மாதம் "வாங்கலாமா, வேண்டாமா" என்ற முடிவு. ஒரே மாதிரி முடிவு ஆயிரக்கணக்கில், விடையும் அடுத்த மாதமே தெரிகிறது. கடை சின்னதாக இருக்கலாம், முடிவுகளின் எண்ணிக்கை சின்னதில்லை. கடன் கொடுப்பதில் அது இல்லை, வங்கி ஐயா சொன்னது அதனால்தான் சரி.

#13 – ஆடிட்டர்_திருச்சி

விலை விஷயத்தையும் அதன் கையில் முழுசாகக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் ஜில்லோ நிறுவனம் கணினி மதிப்பீட்டை நம்பி வீடுகளை வாங்கி விற்றது. சந்தை திசை மாறியபோது அதிக விலைக்கு வாங்கிய வீடுகள் கையில் தங்கிவிட்டன. 2021 நவம்பரில் அந்தப் பிரிவையே மூடியது. ஒரே காலாண்டில் 30.4 கோடி டாலர் மதிப்பைக் குறைத்து எழுதியது, ஊழியர்களில் கால் பங்கினரை அனுப்ப நேர்ந்தது. ஒரு உச்ச வரம்பு வையுங்கள். இயந்திரம் இந்தத் தொகைக்கு மேல் வாங்கச் சொன்னால் நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் ஆர்டர் போக வேண்டும்.

ஒப்பந்தத்தில் நான் பார்ப்பது: தரவு யாருடையது, விலகும்போது முழுசாகத் திருப்பித் தருவார்களா, எந்த வடிவத்தில், உங்கள் விற்பனை விவரத்தைப் போட்டிக் கடைக்கு விற்கும் ஏஐ மாதிரியைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துவார்களா. வாடிக்கையாளரின் போன் நம்பர், முகவரி அதில் இருப்பதால் 2023ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வையுங்கள். கடைப் பையன்கள் விலைப்பட்டியலை இலவச சாட்பாட்டில் ஒட்டிக் கேள்வி கேட்பதையும் இப்போதே தடுத்துவிடுங்கள். சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் நிரலைச் சாட்ஜிபிடியில் போட்டது தெரிந்த பிறகு, 2023இல் அந்த நிறுவனம் அதற்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தது.

#14 – பம்பு_ஸ்பேர்ஸ்_கோவை

எல்லாவற்றையும் அம்மாவும் நானும் உட்கார்ந்து படித்தோம். எங்கள் முடிவு இது. கடன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாட்ஸப்பில் பையன் பார்த்து அனுப்பும் முறை மட்டும், அதுவும் "கடை திறந்திருக்கா, இந்தச் சாமான் இருக்கா" என்ற கேள்விகளுக்கு. அளவு, மாடல் பற்றிய கேள்வியெல்லாம் ஸ்டோர் அண்ணனிடமே போகும். அவரிடம் பேசியாயிற்று. பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலைக்குத் தனிச் சம்பளம், அதை அவரும் ஒத்துக்கொண்டார். "இல்லை" நோட்டு இன்று காலையில் போட்டாயிற்று. மத்தியானத்துக்குள்ளேயே ஒரு பக்கம் நிரம்பிவிட்டது, இதைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு வியாபாரம் வாசலோடு போகிறது என்று புரிகிறது.

விற்க வந்தவர்களிடம், முதல் இரண்டு வருட பில்லை மட்டும் கொடுத்து மூன்றாவது வருடத்தைக் கணிக்கச் சொல்லப் போகிறேன். க்ராஸ்டன் கணக்கை எக்ஸெல்லில் எப்படிப் போடுவது என்று யாராவது சொல்ல முடியுமா?

#15 – எண்ணும்_எழுத்தும்

இரண்டு வருடம் கொடுத்து மூன்றாவதைக் கேட்பது மிகச் சரி. மூன்றாவது வருட பில்லை அவர்கள் கண்ணில் காட்டவே காட்டாதீர்கள். எக்ஸெல் ஷீட் இந்த வாரக் கடைசியில் இங்கேயே போடுகிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் ஐட்டம் பெயர், தேதி, எண்ணிக்கை என்று மூன்றே பத்தியில் ஐம்பது சாமான்களின் பில் விவரத்தை எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர் பெயரும் நம்பரும் அதில் வேண்டாம். வேகமாக நகர்வது இருபது, எப்போதாவது நகர்வது முப்பது என்று கலந்து எடுத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.